ஜகாட்: ஒரு திரைப்படமும் ஒரு சொல்லும்



குண்டர் கும்பலைப் பற்றிய ஒரு திரைப்படத்தை இன்றைய பொழிவுக்குப் பொருளாகக் கொள்ளப் போகிறோம் என்று நாம் தெரிவித்தபோது, பொறுப்பாளர் ஒருவர் சற்றுத் தயங்கினார். "மாணவர்கள் வருவார்களே, ஐயா" என்றார். மாணவர்கள் வருவதனால்தான் அப்பொருளை எடுத்துக்கொண்டோம் என்று விடை கூறினோம். அவரும் இசைந்தார். இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருக்கு நம் நன்றி.

திரைப்படத்திற்குச் செல்லுமுன், நாம் கூடியிருக்கும் இவ்வூரின் பெயரிலிருந்து தொடங்குவோம். ஜெலாப்பாங் என்பது மலாய்ச் சொல். நெற்களஞ்சியம் என்று பொருள். கெடா மாநிலத்தை நாட்டின் 'ஜெலாப்பாங் பாடி' என்று பாடநூல்கள் கூறுவதை மாணவர்கள் அறிவீர்கள். மலாய்க்காரர் இதனைச் சொல்லும்போது இறுதி அசை நீளுவதில்லை, பகரம் இரட்டிப்பதுமில்லை. நாமோ 'பாங்' என்று நீட்டுகிறோம். 'ப்பா' என்று அழுத்துகிறோம். ஏன்? தமிழில் உயிர்களுக்கிடையே தனித்து நிற்கும் வல்லெழுத்து மென்மையாக ஒலிக்கும். ஒற்றைப் பகரம் இட்டால் அது 'கபம்' என்பதிலுள்ள பகரம் போல ஒலித்துவிடும். வல்லொலியைக் காக்க வேண்டுமானால் இரட்டிக்க வேண்டும். இறுதியில் மெய் வந்து மூடும் அசையைப் பெரும்பாலும் நீட்டுகிறோம். ரம்புத்தான், லாலாங், பாசார் ஆகியவற்றைச் சொல்லிப் பாருங்கள். பழைய மாணவர்களின் உள்ளங்கைகள் நன்கறிந்த ரோத்தானும் இவ்வாறு வந்ததே.

மலாய் மொழியின் ஹகரத்திற்கு என்ன நேர்ந்தது என்பது இன்னும் சுவையானது. சொல்லிறுதியில் வந்தால் அதனை விட்டுவிட்டோம். 'கெத்தாஹ்' என்னும் சொல் 'கித்தா' ஆயிற்று. நம் பாட்டன்மார் வாழ்ந்ததும் மாய்ந்ததும் அந்தக் கித்தா மரத்தடியில்தான். புந்தோங்கில் வறுத்து விற்கப்படும் கடலைக்குக் 'கச்சாங் பூத்தே' என்று பெயர். அங்கும் இறுதி ஹகரம் போயிற்று. சொல்லின் நடுவில் வந்தால் ஹகரம் ககரமாயிற்று. 'ஜஹாத்' என்னும் மலாய்ச் சொல் 'ஜகாட்' ஆனது இவ்வாறே.

இதனை யாரேனும் கொச்சை என்று கூறினால், அவரிடம் நாம் ஒன்று கேட்கலாம். வடமொழியின் 'வாஹனம்' தமிழில் 'வாகனம்' ஆனது எந்த விதியால்? 'மோஹம்' 'மோகம்' ஆனதும், 'தேஹம்' 'தேகம்' ஆனதும், 'மஹா' 'மகா' ஆனதும் எந்த விதியால்? நடுவில் நிற்கும் ஹகரத்தைத் தமிழ் ககரமாக்கிக்கொள்ளும் என்னும் அதே விதியால்தான். நூற்றாண்டுகளுக்கு முன் புலவர்கள் வடசொற்களுக்குச் செய்ததை, எழுத்தறியாத தோட்டத் தொழிலாளர்கள் இம்மண்ணில் மலாய்ச் சொல்லுக்குச் செய்தார்கள். இலக்கணம் அவர்கள் நாவில் இருந்தது. தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தார். ஜகாட்டை எங்கே வைப்பது என்று எவரேனும் கேட்டால், திசைச்சொல்லுக்கு அருகில் வைக்க நமக்குத் தயக்கமில்லை. ஜகரத்தில் தொடங்குகிறதே என்று கவலைப்படுவோர் 'சகாட்டு' என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் அப்படிச் சொன்னால் எந்தத் தாயும் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

இச்சொல்லைத்தான் இயக்குநர் சஞ்சய் குமார் பெருமாள் தம் முதல் முழுநீளத் திரைப்படத்திற்குப் பெயராக வைத்தார். 2015 டிசம்பரில் 'ஜகாட்' திரைக்கு வந்தது. உரோமன் எழுத்தில் அப்பெயரைக் காண்போர் உலகம் எனப் பொருள்படும் 'ஜகத்' என்னும் வடசொல்லாகவும் அதனைப் படிக்கக்கூடும். அப்படிப் படித்தாலும் குற்றமில்லை.

கதை 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நடக்கிறது. அப்போய் 12 வயதுச் சிறுவன்; குறும்பன்; கற்பனை மிக்கவன். அவன் தந்தை மணியம், மகன் படித்தால்தான் இந்நிலையிலிருந்து மீளலாம் என்று நம்புகிறவர். அந்நம்பிக்கையைக் கண்டிப்பாகவே வெளிப்படுத்தத் தெரிந்தவர். அவ்வீட்டைச் சேர்ந்த ஆடவர் இன்னும் இருவர். ஒருவர் துரை, ஒரு கும்பல் தலைவனுக்கு அடியாளாக இருப்பவர், 'மெக்சிகோ' என்னும் பட்டப்பெயர் உடையவர். மற்றொருவர் பாலா, போதைப்பொருளிலிருந்து மீண்டவர். பள்ளிப் படிப்பின் இறுக்கம் பொருந்தாத சிறுவன் மெல்ல மெல்லத் துரையின் உலகத்தின்பால் ஈர்க்கப்படுகிறான். தோட்டங்களை இழந்து நகர விளிம்புகளில் ஒதுங்கிய மக்களின் வாழ்வு இக்கதைக்குப் பின்புலம். அப்பேச்சுமொழி, திருத்தப்படாமல், நம் காதில் விழுகிறது.

மாணவர்கள் இன்று கும்பல் படம் என்றால் வேறொன்றை நினைப்பீர்கள். தியாகராஜன் குமாரராஜா இயக்கி 2011இல் வெளிவந்த 'ஆரண்ய காண்டம்' உங்களிடையே பெரிதும் போற்றப்படுவதை நாம் அறிவோம். வெளிவந்தபோது பலரும் காணாத படம் அது. பின்னர் ஆண்டுதோறும் புதிய அன்பர்களைப் பெற்று வருகிறது. வடசென்னையில் ஒரே நாளில் நடந்து முடியும் கதை. பாடல்கள் இல்லை. ஒளியும் நிறமும் இசையும் வன்முறையை ஒரு கூத்தைப் போல ஒழுங்குபடுத்துகின்றன. அறிமுக இயக்குநரின் சிறந்த படத்திற்கும் சிறந்த படத்தொகுப்பிற்கும் இந்தியத் தேசிய விருதுகள் அதற்குக் கிடைத்தன. காப்பியத்தின் வனப்பகுதியைத் தலைப்பாக்கி நகரத்தையே காடாக்கிய அப்படத்தில் மாந்தர் பெயர்களைக் கவனியுங்கள். சிங்கப்பெருமாள், பசுபதி, கஜேந்திரன், கஜபதி, காளையன். சிங்கமும் பசுவும் யானையும் காளையும் அப்பெயர்களுக்குள் ஒளிந்திருக்கின்றன. இவர்களுக்கிடையே ஒருவனுக்கு மட்டும் 'சப்பை' என்று பெயர். விலங்காகக்கூட மதிக்கப்படாதவன், வெறும் பெயரடையாக நிற்பவன். கதை இறுதியில் யாரை எங்கே கொண்டு நிறுத்துகிறது என்பதைப் படத்தில் கண்டுகொள்ளுங்கள். மொழியறிந்தவன் எழுதிய படம் அது என்பதில் நமக்கு ஐயமில்லை. தணிக்கையினர் 52 வெட்டுகளைக் கேட்டனர் என்பதும், அவற்றுட் பல வசைச்சொற்களுக்காக என்பதும் அக்காலத்தில் பேசப்பட்ட செய்தி.

ஆயினும் அப்படத்தைப் பார்த்துவிட்டு நாம் நிம்மதியாக உறங்க முடிந்தது. ஏனெனில் அது பிறர் காடு. 'ஜகாட்' பார்த்த இரவு அவ்வாறு அமையவில்லை. அதற்குக் காரணம் திரைப்படத்தின் அழகு மட்டுமன்று. ஒரு பழைய கட்டுரைப் பயிற்சிப் புத்தகம் நினைவுக்கு வந்துவிட்டது.

பல்கலைக்கழகம் செல்வதற்கு முன், பேராக்கின் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நாம் தற்காலிக ஆசிரியராகச் சில காலம் பணியாற்றினோம். ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு 'எனக்குப் பிடித்த உறவினர்' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தோம். ஒரு சிறுவன் எழுதினான்: "என் மாமா ஜகாட். அவருக்கு வேலை இல்லை. அவர் எனக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார்." மூன்று வாக்கியங்களும் பிழையற்றவை. 'கற்றுக்கொடுத்தார்' என்பதில் ஒற்றுக்கூடச் சரியாக இருந்தது. நாம் 'ஜகாட்' என்பதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, மேலே 'தீயவர்' என்று எழுதிக் கொடுத்தோம்.

அவன் புத்தகத்துடன் மேசையருகே வந்து நின்றான்.

"சார், மாமா தீயவர் இல்ல சார். ஜகாட்தான்."

வகுப்பு சிரித்தது. இரண்டும் ஒன்றுதான், ஒன்று மலாய், மற்றொன்று தமிழ், தமிழ்க் கட்டுரையில் தமிழ்தான் எழுத வேண்டும் என்றோம். அவன் தலையசைத்து மறுத்தான். அக்காலத்தில் நமக்கு இருபதை ஒட்டிய வயது. பிடிவாதத்தைப் பொறுக்கும் பக்குவம் இல்லை. "'என் மாமா தீயவர்' என்று பத்து முறை எழுதி வா" என்று தண்டனை கொடுத்தோம். மறுநாள் எழுதி வந்தான். பத்து வரிகள். ஒவ்வொரு வரியிலும் 'தீயவர்' என்ற ஒரு சொல் மட்டும். 'என் மாமா' என்பதை ஒரு வரியிலும் அவன் எழுதவில்லை. அதனைக் கவனித்தோம். கீழ்ப்படியாமை என்று எடுத்துக்கொண்டோம். அதன்பின் என்ன செய்தோம் என்பதை இந்த அவையில் சொல்ல வேண்டியதில்லை; ரோத்தான் என்னும் சொல்லை முன்னரே விளக்கிவிட்டோம்.

பிற்காலத்தில் சொற்பொருளியலில் ஆய்வு செய்து முனைவர் பட்டமும் பெற்றோம். அச்சிறுவன் கூறியது சரி என்பதை அறிய நமக்கு அவ்வளவு படிப்புத் தேவைப்பட்டது.

இரண்டும் ஒன்றல்ல. மலாய் மொழியில் 'ஜஹாத்' கடுமையான சொல். தீமை, கொடுமை என்னும் பொருளுடையது. குழந்தைகளின் குறும்புக்கு மலாயில் 'நாக்கால்' என்று வேறு சொல் இருக்கிறது. நம் தோட்ட மக்கள் முதற்சொல்லை மட்டும் வாங்கி, அதன் எல்லையை விரித்துக்கொண்டார்கள். சோறுண்ண மறுக்கும் மூன்று வயதுக் குழந்தை ஜகாட். மாங்காய்க்குக் கல்லெறியும் பையன் ஜகாட். பள்ளிக்கு மட்டம் போடுகிறவன் ஜகாட். பாராங் கத்தியோடு நடமாடுகிறவனும் ஜகாட். கொஞ்சலில் தொடங்கிக் கொலையில் முடியும் நீண்ட பாதை முழுவதற்கும் ஒரே சொல். 'தீயவர்' என்பதில் கொஞ்சல் இல்லை. 'குறும்பர்' என்பதில் கத்தி இல்லை. தன் மாமா அப்பாதையில் எங்கோ நடுவில் நிற்கிறார், இன்னும் திரும்பி வரக்கூடிய தொலைவில் நிற்கிறார் என்பதை அச்சிறுவன் அறிந்திருந்தான். அதைச் சொல்ல அவனிடம் ஒரே ஒரு சொல் இருந்தது. நாம் அதனை வட்டமிட்டு எடுத்துக்கொண்டோம்.

அத்தோட்டம் பின்னர்க் கைமாறியது. கித்தா மரங்கள் வீழ்த்தப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. வேலை போனால் வீடும் போகும் என்பதே தோட்ட வாழ்வின் நியதி. லயன் வீடுகள் தொழிலாளிக்கு உரியவை அல்ல. குடும்பங்கள் ஈப்போவைச் சுற்றியும் அதற்கு அப்பாலும் சிதறின. அச்சிறுவனைப் பின்னர் நாம் காணவில்லை.

'ஜகாட்' படத்தில் நமக்கு மிகுதியும் உறுத்திய பெயர் துரை. சிந்தித்துப் பாருங்கள். துரை என்பது தோட்டத்து வெள்ளைக்கார நிருவாகியைக் குறித்த சொல். கங்காணிக்கு மேல் கிராணி, கிராணிக்கு மேல் துரை. காலைப் பெரட்டில் அவர் முன் நம் பாட்டன்மார் தலைக்கட்டை அவிழ்த்து நின்றார்கள். பின்னர் அவர்களே தம் பிள்ளைகளுக்கு அப்பெயரை ஆசையோடு சூட்டினார்கள். ஒருநாள் இவனும் துரையாவான் என்று. துரை என்று பெயர் பெற்ற பிள்ளைக்குத் தோட்டமும் இல்லை, மாளிகையும் இல்லை. கும்பல் அவனுக்கு மெக்சிகோ என்று இன்னொரு பெயர் கொடுத்தது. அடையாள அட்டையில் உள்ள பெயருக்குக் கிடைக்காத அச்சமும் மரியாதையும் அப்பெயருக்குக் கிடைத்தன. இயக்குநர் இதனை எண்ணித்தான் பெயரிட்டாரா என்று நாம் ஆராயவில்லை. அப்பெயர்களை வைத்திருப்பவர்களை இவ்வட்டாரத்தில் நாம் அனைவரும் அறிவோம், அது போதும்.

கும்பல்களின் சொற்களை நாம் பல ஆண்டுகள் குறித்து வைத்திருக்கிறோம். அவற்றுள் தலைவனைக் குறிக்கும் சொல் நம்மை வியப்பில் ஆழ்த்தியது. மும்பையில் அவன் தாதா. மராத்தியில் அதற்கு மூத்த சகோதரன் என்று பொருள். அங்கேயே பாய் என்றும் சொல்வார்கள், அதுவும் சகோதரன்தான். சென்னைக்கு வந்த தாதா என்னும் சொல் தமிழ்த் திரைப்படங்களால் பட்டிதொட்டியெல்லாம் பரவிற்று. நம் நாட்டில் அவன் தைக்கோ. சீனத்திலிருந்து வந்த சொல். பொருள் மூத்த அண்ணன். தமிழில் அவனை அண்ணன் என்றே அழைக்கிறார்கள். ஜப்பானியக் கும்பலில் தலைவன் 'ஓயாபுன்', அதாவது பெற்றோர் நிலையில் இருப்பவன். அடியாள் 'கோபுன்', பிள்ளை நிலையில் இருப்பவன். தொடர்பற்ற மொழிகள், தொலைதூர நகரங்கள். எங்கும் கும்பல் தன் முதற்சொல்லைக் குடும்பத்திலிருந்தே கடன் வாங்குகிறது. முதலாளி என்றோ படைத்தலைவன் என்றோ அழைத்திருக்கலாம். அழைக்கவில்லை.

ஏன் என்பதற்கு மொழியியலில் விடை தேட வேண்டியதில்லை. தோட்டத்தில் ஒரு சிறுவனுக்குச் சோறு கிடைக்க எத்தனை வாசல்கள் இருந்தன! எதிர் வீட்டு அத்தை, பக்கத்து வீட்டுப் பெரியம்மா, கோயில் பூசாரித் தாத்தா. குருதி உறவு இல்லாவிடினும் முறைசொல்லி அழைத்தார்கள். அழைத்த முறைக்கு ஏற்பக் கண்டித்தார்கள், ஊட்டினார்கள். நகர விளிம்பின் புறம்போக்குக் குடிசைகளுக்கும், பின்னர் அடுக்குமாடிகளுக்கும் சென்றபோது முறைப்பெயர்கள் உடன் சென்றன; முறைகள் சென்றனவா? பத்து வீடுகளுக்கு ஒருவரை ஒருவர் தெரியாது. தந்தை இரு வேலை பார்க்கிறார். பள்ளி முடிந்து வரும் பிள்ளையைத் 'தம்பி' என்று அழைத்து, 'சாப்பிட்டாயா?' என்று கேட்பவன் தெருமுனையில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்பவன் மட்டுமே என்றால், அவனை அண்ணன் என்று அழைப்பதில் அப்பிள்ளை என்ன இலக்கணப் பிழை செய்துவிட்டான்?

பேராக்கிற்கு இரகசியச் சங்கங்கள் புதியவை அல்ல. 19ஆம் நூற்றாண்டில் லாருட்டின் ஈயச் சுரங்கங்களுக்காகக் கீ ஹின், ஹாய் சான் என்னும் இரு சீனச் சங்கங்கள் போரிட்டதும், அக்குழப்பத்தின் முடிவில் 1874இல் பங்கோர் ஒப்பந்தம் வழியே ஆங்கிலேயர் இம்மாநிலத்தில் கால் பதித்ததும் வரலாற்றுப் பாடத்தில் உள்ளவை. அச்சங்கங்களின் 36 உறுதிமொழிகளை எதிரொலிக்கும் எண்ணைத் தம் பெயராகக் கொண்ட கும்பலில் இன்று நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவ்வெண் எங்கிருந்து வந்தது என்று அவர்களிடம் கேட்டால் தெரியாது. பொருள் மறந்து ஒலி மட்டும் எஞ்சிய கடன்சொல் அது. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. அவற்றில் ஏறத்தாழ 40,000 பேர் இருப்பதாகவும், பத்தில் ஏழு பங்கினர் இந்தியர் என்றும் அப்போது கூறப்பட்டது. நாட்டு மக்கள்தொகையில் நாம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இக்கணக்கைக் குறித்து அன்று நிறைய வாதங்கள் எழுந்தன. அந்த வாதங்களுக்குள் நாம் போகவில்லை. அவ்வளவு பேரும் ஏதோ ஒரு வகுப்பறையில் கட்டுரை எழுதியவர்கள் என்பதைத்தான் நினைத்துக்கொள்கிறோம்.

2016இல் கோலாலம்பூரில் 28ஆம் மலேசியத் திரைப்பட விழா நடந்தபோது 'ஜகாட்' மற்றொரு வகையில் செய்தியாயிற்று. தேசிய மொழியில் அமையாத படங்களுக்கென விழாவில் தனிப்பிரிவு வகுக்கப்பட்டு, 'ஜகாட்', 'ஓலா போலா' ஆகிய படங்கள் அதில் வைக்கப்பட்டன. எதிர்ப்பு எழுந்தது. முதலில் எழுந்த குரல்களுள் ஒன்று ஒளிப்பதிவாளர் முகமது நோர் காசிமுடையது. அவர் தாம் முன்பு பெற்ற விழா விருதுகளைத் திருப்பித் தர முன்வந்தார் என்பதைத் தமிழர்கள் மறந்துவிடக் கூடாது. பின்னர் ஏற்பாடு மாற்றப்பட்டது. சிறந்த மலேசியத் திரைப்படம் என்னும் விருதை 'ஜகாட்' பெற்றது.

மொழியியல் படித்தவன் இதில் சிரிக்காமல் இருக்க முடியுமா? படத்தின் பெயரே மலாய்ச் சொல். நாவில் தமிழாகிவிட்ட மலாய்ச் சொல். தேசிய மொழி ஒரு தொழிலாளியின் வாய்க்குள் நுழைந்து, அங்கே நூறாண்டு வாழ்ந்து, குழந்தையைக் கொஞ்சவும் கற்றுக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. அதனைப் பார்த்து, 'நீ வேற்றுமொழி' என்றார்கள். நாம் அவர்களை மட்டும் குறைகூறவும் முடியாது. ஐந்தாம் ஆண்டு வகுப்பில் நாம் செய்ததும் அதுவே. நாம் 'நீ தமிழன்று' என்றோம். ஒரே சொல்லை இரு வாசல்களிலும் நிறுத்திவிட்டார்கள்.

அதே 2016இல் தமிழகத்திலிருந்து 'கபாலி' வந்தது. நம் நாட்டுத் தோட்டத் தமிழரின் கதையையும் கும்பல்களையும் பா. இரஞ்சித் எடுத்துக்கொண்டார். இரஜினிகாந்தின் பேச்சு சென்னைப் பேச்சாகவே இருந்தது என்பது நம் மனக்குறை. ஆனால் அப்படம் ஒரு வேடிக்கையைச் செய்தது. கும்பல் தலைவனின் வாயிலிருந்து 'மகிழ்ச்சி' என்னும் சொல் புறப்பட்டு, மறுநாளே பள்ளி மாணவர் வாயெல்லாம் நிறைந்தது. மொழிக் கழகங்கள் பல ஆண்டுகள் முயன்றும் 'தேங்க்ஸ்' என்பதற்கு மாற்றாக ஒரு நற்சொல்லை இளைஞரிடம் சேர்க்க முடியவில்லை. ஒரு குண்டன் மூன்று மணி நேரத்தில் சேர்த்துவிட்டான். கழகப் பொறுப்பாளர்கள் பொறுத்தருள்க.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. இலக்கணத்தைத் தளர்த்துங்கள் என்று நாம் கூறவில்லை. நாற்பது ஆண்டுகள் இலக்கணத்தால் சோறுண்டவன் அவ்வாறு கூற முடியாது. பொதுத்தேர்வு எழுத்துமொழியில்தான் நடக்கும். இடைநிலைப் பள்ளியின் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழிக்காதிருக்க மலாய் தனியே, தமிழ் தனியே என்று தெளிவாகப் பிரித்தெழுதப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடித்துத் திருத்துவதற்கு முன், அச்சொல் என்ன பொருள் தருகிறது என்று எழுதிய பிள்ளையிடம் ஒரு முறை கேளுங்கள். கேட்டுவிட்டு அடித்தாலும் பரவாயில்லை. சில பிள்ளைகள் வீட்டில் நடப்பதை நேரே சொல்ல மாட்டார்கள். கட்டுரையில் சொல்வார்கள்; அதுவும் நாம் வட்டமிடக்கூடிய சொல்லில்தான் சொல்வார்கள்.

அகராதிப் பணியைப் பற்றி ஒரு செய்தி சொல்லி அமைகிறோம். ஓய்வு பெற்றபின் தோட்டத் தமிழ்ச் சொற்களை அட்டைகளில் தொகுத்து வருகிறோம். மேற்பகுதியில் சொல், அடுத்து அதன் பிறப்பு, அடுத்துப் பொருள், இறுதியில் எடுத்துக்காட்டு வாக்கியம். ஒட்டுப்பால், தீம்பார், பெரட்டு, தண்டல், சம்சு என்று அட்டைகள் நிறைந்து வருகின்றன. ஜகாட் அட்டையில் பிறப்பை எழுதிவிட்டோம். ஒலி மாற்றத்தையும் எழுதிவிட்டோம். பொருள் என்னுமிடத்தில் பலமுறை எழுதி அழித்தோம். எடுத்துக்காட்டு வாக்கியம் மட்டும் ஒரே முறையில் அமைந்துவிட்டது: "என் மாமா ஜகாட். அவர் எனக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார்."

வாசலருகே மேசையில் வெற்று அட்டைகள் வைத்திருக்கிறோம். மாணவர்கள் ஆளுக்கு ஐந்து எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் பாட்டி தாத்தா இருந்தால் அவர்களிடம் கேட்டு எழுதுங்கள்; இல்லையெனில் தெருவில் கேட்டு எழுதுங்கள். எழுத்துப்பிழையைப் பற்றிக் கவலை வேண்டா. ஜகாட் என்பதற்கு உங்கள் வீட்டில் என்ன பொருள் என்று ஓர் அட்டையில் எழுதித் தந்தால் நமக்குப் பெரிதும் பயன்படும்.